ஜாவாக்ஸ் போய் ஜகார்த்தா வந்தாச்சு, டாக்ஸுக்கு யார் சொல்றது?

ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க்கோட டாக்ஸ், அதாவது அத எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்ற பக்கங்கள, பாத்துக்கிற ஆட்கள்ல நானும் ஒருத்தன். புது மேஜர் வெர்ஷன்ல ஜாவாக்ஸ்.சர்வ்லெட் மாதிரி பேக்கேஜ் பேரெல்லாம் ஜகார்த்தா.சர்வ்லெட்னு மாறிடுச்சு (பேக்கேஜ்னா ஜாவா கிளாஸ் எல்லாம் அடுக்கி வெக்கிற பெட்டி மாதிரி, சர்வ்லெட்னா வெப் ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் சொல்ற கிளாஸ்). கோட் பக்கம் பாத்தா பெரிய சண்டை எதுவும் இல்ல, ஒரு டூல் ஓட்டினாங்க, கம்பைலர் கத்தின இடத்தையெல்லாம் சரி பண்ணாங்க, டெஸ்ட் எல்லாம் பச்சையாச்சு, மெர்ஜ் பண்ணிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. அப்புறம் ஒரு இஷ்யூ வந்துச்சு, "டாக்ஸையும் மாத்தணும்"னு ஒரே வரி, அதுக்குக் கீழ புதுசா வர்றவங்க எடுத்துக்கலாம்னு ஈஸி லேபிள் வேற ஒட்டியிருந்தாங்க.

ஈஸியாம்!

கோடுக்கு கம்பைலர்னு ஒருத்தன் காவல் இருக்கான், தப்பா ஒரு இம்போர்ட் (எந்த பேக்கேஜ்ல இருந்து எடுக்கிறோம்னு சொல்ற வரி) இருந்தா அந்த நிமிஷமே சட்டையைப் பிடிச்சு நிறுத்திடுவான். டாக்ஸுக்கு அப்படி யாரும் கிடையாது. பக்கத்துல இருக்கிற சாம்பிள் செத்து மாசக்கணக்கானாலும் அது பாட்டுக்கு அழகா கலர் கலரா சின்டாக்ஸ் ஹைலைட்டோட நிக்கும், யாராவது புதுசா கத்துக்க வர்ற ஆள் காப்பி பண்ணி, ஓடாம, தன் மேலதான் தப்புன்னு நெனச்சு ராத்திரி முழுக்க உக்காந்து மண்டைய ஒடச்சுக்கிட்டதுக்கு அப்புறம்தான் நமக்கே தெரியும். அதனால இந்த மாதிரி பேர் மாத்தம் வரும்போது ரொம்ப நாள் ஒடஞ்சே கிடக்கிற இடம் கோட் இல்ல, டாக்ஸ்தான். இத யாரும் பெருசா எழுதி நான் பாக்கல, அதான் எழுதுறேன்.

முதல்ல கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். 2010ல ஜாவாவ உருவாக்கின சன் கம்பெனிய ஆரக்கிள் வாங்கினப்ப ஜாவா ஈஈயும், அதாவது சர்வர் ஆப் எழுதுறதுக்கான ஜாவா ஸ்டாண்டர்டுகளோட தொகுப்பும், கூடவே போச்சு. 2017ல ஆரக்கிள் அத எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட கொடுக்கிறதா முடிவு பண்ணுச்சு, 2018ல ஜகார்த்தா ஈஈன்னு புதுப் பேர் வெச்சாங்க, ஏன்னா ஜாவாங்கிற டிரேட்மார்க் ஆரக்கிள்கிட்டயே இருந்துச்சு. சரி, பேர்தானேன்னு இருந்தா, 2019 மே மாசம் அடுத்த குண்டு: பேக்கேஜ் பேர் விஷயத்துல ரெண்டு தரப்பும் பேசி ஒத்துவரல, இருக்கிற ஜாவாக்ஸ் பேக்கேஜ அப்படியே மாத்தாம வேணா வெச்சுக்கலாம், அந்தப் பேர்ல புதுசா எதையும் சேத்து வளக்கக் கூடாது. அதனால 2019 செப்டம்பர்ல வந்த ஜகார்த்தா ஈஈ 8 வெளியில ஜகார்த்தா, உள்ள முழுக்க பழைய ஜாவாக்ஸ். 2020 டிசம்பர்ல வந்த ஜகார்த்தா ஈஈ 9லதான் ஒரே அடியா எல்லாத்தையும் மாத்தினாங்க, பேர் மாத்துறதுக்குன்னே ஒரு ரிலீஸ் விட்ட மாதிரிதான் அது. சர்வ்லெட்ட ஓட்டுற சர்வரான டாம்கேட்ல 9 வரைக்கும் ஜாவாக்ஸ், 10ல இருந்து ஜகார்த்தா. ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் 6, ஸ்பிரிங் பூட் 3 ரெண்டும் 2022 நவம்பர்ல இந்தப் பக்கம் தாண்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமா தேவைப்படும்போது மட்டும் மாத்திக்கலாம்னு ஒரு கட்சியும் அப்ப பேசுச்சு, அது ஜெயிக்காதது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன், இல்லன்னா ஒவ்வொரு பக்கத்துலயும் எந்த வெர்ஷன்ல இருந்து எந்த பேக்கேஜுன்னு பஞ்சாங்கம் மாதிரி எழுதி வெச்சிருக்கணும்.

இப்ப வேலைக்கு வருவோம். டாக்ஸ் ரெப்போவ திறந்த உடனே யாருக்கும் வர்ற முதல் ஆசை என்ன? ஜாவாக்ஸ்னு தேடு, ஜகார்த்தான்னு போடு, எல்லாத்தையும் மாத்து, கமிட் பண்ணு, போய் தூங்கு. இத மட்டும் பண்ணிடாதீங்க.

ஏன்னா ஜாவாக்ஸ்னு ஆரம்பிக்கிற எல்லாமே ஜாவா ஈஈயோட சொத்து கிடையாது. நெறைய ஜேடிகேக்குள்ளயே, அதாவது ஜாவாவோட அடிப்படைக் கிட்டுக்குள்ளயே இருக்கு, அதெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு, இருக்கப் போகுது. ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல் மாறல, அதனால டேட்டாசோர்ஸ் காட்டுற சாம்பிள் எல்லாத்தையும் தொடவே கூடாது. ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ, ஜாவாக்ஸ்.நெட், ஜாவாக்ஸ்.ஸ்விங், ஜாவாக்ஸ்.மேனேஜ்மென்ட் எதுவும் மாறல. இதுவரைக்கும் ஓகே, ஒரு லிஸ்ட் போட்டு விலக்கிடலாம்னு தோணும். ஆனா பிரச்சன மொத மட்டத்துல இல்ல, ஒரே பேருக்குக் கீழ பாதி போச்சு பாதி நிக்குது. ஜாவாக்ஸ்.டிரான்ஸாக்ஷன்.டிரான்ஸாக்ஷனல் ஜகார்த்தாவுக்குப் போயிடுச்சு, ஆனா ஜாவாக்ஸ்.டிரான்ஸாக்ஷன்.எக்ஸ்ஏ ஜேடிகேல இருக்கு, அது போகல. ஜாவாக்ஸ்.அனோட்டேஷன்.போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் போச்சு, ஜாவாக்ஸ்.அனோட்டேஷன்.பிராசஸிங் நிக்குது. ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் போச்சு, ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பார்சர்ஸும் டிரான்ஸ்ஃபார்மும் நிக்குது. எல்லாத்துக்கும் உச்சம் ஜாவாக்ஸ்.செக்யூரிட்டி.ஆத், அதுல சப்ஜெக்ட், லாகின் எல்லாம் ஜேடிகே, நகராது, ஆனா அதுக்கே கீழ இருக்கிற மெசேஜ்ங்கிற பேக்கேஜ் மட்டும் ஜகார்த்தாவுக்குப் போயிடுச்சு! இத எழுதும்போதே எனக்கு கோவம் வருது.

இது போதாதுன்னு ஜேடிகேவும் இல்லாம ஜாவா ஈஈயும் இல்லாம நடுவுல நிக்கிற சிலதும் இருக்கு. ஜாவாக்ஸ்.கேஷ், அதாவது ஜேகேஷ், அது ஜாவா ஈஈக்குள்ள எப்பவுமே வரல, அதனால பேரும் மாறல. நன்நல், நல்லபிள்னு போடுவோமே, ஜேஎஸ்ஆர் 305 ஜார்ல (ஜார்னா ஜாவா கிளாஸ் எல்லாம் கட்டி வெச்ச ஃபைல்) வர்ற அனோட்டேஷன் (கோட் மேல ஒட்டுற குறிப்பு), அதுவும் ஜாவாக்ஸ்.அனோட்டேஷன்லதான் உக்காந்திருக்கு, அதையும் தொடக்கூடாது. கண்ண மூடிக்கிட்டு மாத்தினா ஜகார்த்தா.எஸ்க்யூஎல்.டேட்டாசோர்ஸ்னு உலகத்துலயே இல்லாத ஒரு கிளாஸ டாக்ஸ்ல எழுதி வெச்சிருப்போம், ரிவ்யூ பண்றவரும் ஒரே மாதிரி நூறு வரி சிவப்பு பச்சையா ஓடுறத பாத்து கண்ணு பூத்துப் போய் ஓகே கொடுத்துடுவார்.

கோடுக்கு இதுக்கெல்லாம் டூல் இருக்கு. ஓப்பன்ரீரைட் இருக்கு, எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, இன்டெலிஜேல மெனுவுலயே வழி இருக்கு. எது போகணும் எது நிக்கணும்னு அதுங்களுக்குத் தெரியும். ஆனா டாக்ஸ் எழுதுற ஆஸ்கிடாக், மார்க்டவுன் ஃபைல்லயெல்லாம் நடுவுல கிழிச்சு ஒட்டின மாதிரி இருக்கிற பாதி கோட அந்த டூல் எதுவும் ஜாவான்னு புரிஞ்சுக்காது. நாலு வரி இருக்கும், இம்போர்ட்டே இருக்காது, நடுவுல மூணு புள்ளி வெச்சிருப்போம். அங்க மனுஷன் கண்ணுதான்.

நான் என்ன பண்ணேன்னா எல்லாத்தையும் தேடி முதல்ல பேக்கேஜ் வாரியா பிரிச்சு வெச்சுக்கிட்டேன், மாத்துறதுக்கு முன்னாடியே. கிரெப் (டெக்ஸ்ட் தேடுற கமாண்ட்) பண்ணி, ஜாவாக்ஸுக்கு அப்புறம் வர்ற ரெண்டு பேர் வரைக்கும் (செக்யூரிட்டி.ஆத்துக்கு மட்டும் மூணு) வெட்டி, சார்ட் பண்ணி, யூனிக் போட்டா பூரா ரெப்போவும் ஒரு சின்ன லிஸ்ட்ல அடங்கிடும். அந்த லிஸ்ட்ல ஒவ்வொண்ணா போகும் நிக்கும்னு குறிச்சிட்டு, போறத மட்டும் தனித்தனி கமிட்டா மாத்தினேன். சர்வ்லெட்டுக்கு ஒரு கமிட், வேலிடேஷனுக்கு ஒரு கமிட். ரிவ்யூ பண்றவங்க ஒரு நேரத்துல ஒரு பேர் மட்டும் பாத்தா போதும், அதுக்கே எனக்கு கோயில் கட்டலாம்.

அடுத்து டிபென்டன்சி, அதாவது ப்ராஜெக்ட்டோட சேத்துக்கிற வெளி லைப்ரரி. இங்க ஒரு குழி இருக்கு, விவரமான ஆளுங்களே விழுவாங்க. குரூப் ஐடி ஜகார்த்தா.சர்வ்லெட், ஆர்ட்டிஃபாக்ட் ஜகார்த்தா.சர்வ்லெட் ஹைஃபன் ஏபிஐ, இப்படி இருந்தா உள்ள ஜகார்த்தா பேக்கேஜ்தான் இருக்கும்னு யாருமே நம்புவாங்கல்ல? வெர்ஷன் 4.0ன்னு ஆரம்பிச்சா உள்ள இருக்கிறது ஜாவாக்ஸ்.சர்வ்லெட். மேல சொன்னேன்ல, ஜகார்த்தா ஈஈ 8 வெளியில ஒண்ணு உள்ள ஒண்ணுன்னு, அதோட விளைவு இது. 5.0ல இருந்துதான் உள்ளயும் ஜகார்த்தா. இதுல கொடுமை என்னன்னா ஒவ்வொரு ஏபிஐக்கும் எல்லைக்கோடு வேற வேற நம்பர்ல இருக்கு. டேட்டாபேஸுக்கான பெர்சிஸ்டன்ஸ்னா 2.2 வரைக்கும் பழசு, 3.0 புதுசு. வேலிடேஷன் 2.0 பழசு, 3.0 புதுசு. அனோட்டேஷன்னா 1.3 பழசு, 2.0 புதுசு. அதனால டாக்ஸ்ல "ஜகார்த்தா டிபென்டன்சிய சேருங்க"ன்னு மட்டும் எழுதினா அது பாதி உண்மைதான், வெர்ஷன் நம்பரோட முழு பிளாக்கையும் போட்டே ஆகணும். வழக்கமா நான் டாக்ஸ்ல வெர்ஷன் நம்பர் கையால எழுதக் கூடாதுன்னு சொல்ற ஆள், பில்டுல இருந்து வேரியபிளா வரணும், இல்லன்னா நாறிடும். அதையும் இந்தச் சாக்குல பண்ணியாச்சு.

இப்ப நெஜமான வில்லன்கிட்ட வர்றேன், ஸ்ட்ரிங்.

இம்போர்ட் தப்பா இருந்தா டாக்ஸ காப்பி பண்ற ஆளுக்கு எரராவது வரும், சிவப்புக் கோடு வரும், தேடுவார், கண்டுபிடிப்பார். ஆனா பேக்கேஜ் பேர் டபுள் கோட்டுக்குள்ள ஸ்ட்ரிங்கா இருந்தா கம்பைலர் கண்டுக்காது, ரன் ஆகும்போதும் பல இடத்துல எரர் வராது, வேலை மட்டும் நடக்காது. எரர் பேஜ் எழுதுற பக்கத்த எடுத்துக்கோங்க. ரிக்வெஸ்ட்ல இருந்து ஜாவாக்ஸ்.சர்வ்லெட்.எரர்.ஸ்டேட்டஸ்_கோட்னு ஒரு அட்ரிப்யூட் எடுத்து 404ஆ 500ஆன்னு பாத்து பேஜ் காட்டுற சாம்பிள் எல்லா ஃப்ரேம்வொர்க் டாக்ஸ்லயும் ஒண்ணு இருக்கும். புது கன்டெய்னர் (டாம்கேட் மாதிரி சர்வர்) அத ஜகார்த்தா.சர்வ்லெட்.எரர்னு ஆரம்பிக்கிற பேர்லதான் வெக்குது. பழைய பேர்ல கேட்டா நல் (null), அதாவது ஒண்ணுமே இல்ல. இன்டிஜராக்கி ஒப்பிட்டிருந்தா நல் பாயின்டர் எரர், அதுவும் எரர் பேஜுக்குள்ளயே! ஒரிஜினல் எரர் என்னன்னு தெரியாம எரர் பேஜே எரர் ஆகி நிக்கும். இங்க நான் ஸ்ட்ரிங்க மாத்தல, எடுத்தே போட்டுட்டேன், ரிக்வெஸ்ட்டிஸ்பேச்சர்ல எரர்_ஸ்டேட்டஸ்_கோட்னு ஒரு கான்ஸ்டன்ட் சர்வ்லெட் 3.0ல இருந்தே இருக்கு, அத போட்டா இம்போர்ட்டோட சேந்து தானா சரியாயிடும். இத்தன வருஷம் ஏன் யாரும் அத யூஸ் பண்ணலன்னா, ஸ்ட்ரிங் ஓடிக்கிட்டிருந்துச்சு, அதான்.

வேலிடேஷன் பக்கம் இத விட நாசூக்கு. நாட்நல் மாதிரி ஒரு அனோட்டேஷனுக்கு டீஃபால்ட்டா வர்ற இங்கிலீஷ் மெசேஜ மாத்தி நம்ம மொழியில கொடுக்கணும்னா வேலிடேஷன்மெசேஜஸ் பிராப்பர்ட்டீஸ் ஃபைல்ல ஜாவாக்ஸ்.வேலிடேஷன்.கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்.நாட்நல்.மெசேஜ்னு ஒரு கீ போட்டு எழுதணும்னு டாக்ஸ்ல இருந்துச்சு. பேர் மாறினதும் அந்தக் கீயும் ஜகார்த்தா.வேலிடேஷன்னு ஆரம்பிக்கணும். மாத்தலன்னா என்ன ஆகும்? ஒண்ணுமே ஆகாது! வேலிடேஷன் ஒழுங்கா நடக்கும், தப்பான இன்புட்ட ஒழுங்கா தடுக்கும், மெசேஜ் மட்டும் நாம எழுதினது வராம டீஃபால்ட் வந்து நிக்கும். டெஸ்ட்ல மெசேஜ் டெக்ஸ்ட்ட யாரும் செக் பண்ண மாட்டாங்க. டெவலப்பர் மெஷின் இங்கிலீஷ்லயே இருந்தா அவர் கண்ணுக்கும் படாது, யூசருக்குத்தான் திடீர்னு ஃபார்ம் பாதி நம்ம மொழி பாதி இங்கிலீஷ்னு தெரியும். பிராப்பர்ட்டீஸ் ஃபைல்னால ஜாவா சோர்ஸ மட்டும் பாக்கிற டூல் இத தாண்டிப் போயிட வாய்ப்பு நெறைய, டாக்ஸும் சொல்லலன்னா வேற யார் சொல்லப் போறா.

இதே வரிசையில பெர்சிஸ்டன்ஸ் எக்ஸ்எம்எல்ல வர்ற ஜாவாக்ஸ்.பெர்சிஸ்டன்ஸ்.ஜேடிபிசி.யூஆர்எல் மாதிரி பிராப்பர்ட்டிகள், டேட்டாபேஸ்ல இருந்து எதையெல்லாம் சேத்து எடுக்கணும்னு சொல்ற ஃபெட்ச்கிராஃப் ஹின்ட், எல்லாமே ஸ்ட்ரிங். பெர்சிஸ்டன்ஸ செயல்படுத்துற ஹைபர்னேட் 6 மாதிரி சிலது பழைய பேரையும் டெப்ரிகேட்டட்னு (இனி யூஸ் பண்ணாதீங்கன்னு) சொல்லிக்கிட்டே ஏத்துக்கும், ஆனா ஸ்பெக் (ஸ்டாண்டர்டோட விதிமுறை) படி தெரியாத ஹின்ட் வந்தா சத்தமில்லாம விட்டுடணும், அதனால ஒரு இடத்துல ஓடுறது இன்னொரு இடத்துல ஓடாது, ஓடலன்னும் சொல்லாது, கொயரி மட்டும் மெதுவாகும். அப்புறம் மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் ஃபோல்டருக்குள்ள ஃபைல் பேரே ஜாவாக்ஸ்.சர்வ்லெட்.சர்வ்லெட்கன்டெய்னர்இனிஷியலைசர்னு இருக்கும், அங்க மாத்த வேண்டியது ஃபைலுக்குள்ள இருக்கிறது இல்ல, ஃபைலோட பேர். டெக்ஸ்ட் தேடல்ல ஃபைல் பேர் சிக்காதுங்கறத சொல்லணுமா? டாக்ஸ்ல இது பெரும்பாலும் ஒரு ஃபோல்டர் மரமா வரைஞ்சு வெச்சிருப்போம், சில இடத்துல படமாவே இருக்கும். படத்துக்குள்ள இருக்கிற ஜாவாக்ஸ எந்த கிரெப்பும் பிடிக்காது. ஸ்க்ரீன்ஷாட் ஃபோல்டர திறந்து ஒவ்வொண்ணா பாக்கிறத தவிர வேற வழியில்ல, நான் இதுக்கப்புறம் கோட ஸ்க்ரீன்ஷாட்டா போடுறவங்க கூட பேச்சுவார்த்த வெச்சுக்கிறதா இல்ல.

வெப் எக்ஸ்எம்எல் மேல இருக்கிற நேம்ஸ்பேஸ் யூஆர்எல்லும் மாறிடுச்சு, எக்ஸ்எம்எல்என்எஸ்.ஜேசிபி.ஓஆர்ஜின்னு இருந்தது இப்ப ஜகார்த்தா.ஈஈ தளத்து முகவரி. பழசு இருந்தாலும் டாம்கேட் 10 ஏத்துக்கும், அதனால அவசரம் இல்ல, ஆனா புது சாம்பிள்ல பழச வெச்சிருக்கிறது அசிங்கம், மாத்திட்டேன், அவ்ளோதான்.

அப்கிரேட் பக்கம்னு ஒண்ணு தனியா எழுதினேன், மொத்த வேலையில எனக்குப் பிடிச்சது அதான். அத எப்படி எழுதுறதுன்னு யோசிச்சப்ப, இந்தப் பக்கத்துக்கு யார் எப்படி வருவாங்கன்னு பாத்தேன். "நேம்ஸ்பேஸ் மைக்ரேஷன்"னு தேடி வர்றவர் ஏற்கனவே விஷயம் தெரிஞ்சவர், அவருக்கு நம்ம உதவி பெருசா தேவையில்ல. நெஜமா கஷ்டப்படுறவர் எரர் மெசேஜ அப்படியே காப்பி பண்ணி தேடுறவர். அதனால தலைப்புகள் எல்லாத்தையும் எரராவே வெச்சுட்டேன். நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர், ஜாவாக்ஸ் ஸ்லாஷ் சர்வ்லெட் ஸ்லாஷ் எச்டிடிபி ஸ்லாஷ் எச்டிடிபிசர்வ்லெட்னு வந்தா, உங்க ஆப்போ, நீங்க யூஸ் பண்ற ஏதோ ஒரு ஜாரோ இன்னும் பழசு, கன்டெய்னர் புதுசு. இத பாத்த உடனே சில பேர் பழைய சர்வ்லெட் ஜார தூக்கி லிப் ஃபோல்டருக்குள்ள போட்டுடுவாங்க, எரர் போன மாதிரி இருக்கும், அடுத்தது கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வரும், உங்க சர்வ்லெட்ட ஜகார்த்தா.சர்வ்லெட்.சர்வ்லெட்டா மாத்த முடியலன்னு. பேர் ஒண்ணு மாதிரி இருந்தாலும் ஜாவாவ ஓட்டுற ஜேவிஎம்முக்கு ரெண்டும் சம்பந்தமே இல்லாத ரெண்டு டைப். அந்த ஜார எடுத்துடுங்கன்னு கொட்ட எழுத்துல எழுதி வெச்சிருக்கேன்.

மூணாவது கேஸுக்கு எரரே கிடையாது, அதனால தலைப்பு வெக்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு. வெப்சர்வ்லெட் அனோட்டேஷன ஜாவாக்ஸ்ல இருந்து இம்போர்ட் பண்ணி எழுதின வார் ஃபைல (சர்வர்ல போடுறதுக்குக் கட்டின முழு ஆப்) டாம்கேட் 10ல போட்டா, டிப்ளாய் ஆகும், லாக்ல ஸ்டார்ட் ஆச்சுன்னு வரும், பிரவுசர்ல போனா 404. ஏன்னா ஸ்கேன் பண்ணும்போது டாம்கேட் தேடுறது ஜகார்த்தா அனோட்டேஷன, உங்க கிளாஸ்ல இருக்கிறது அதுக்குத் தெரியாத ஏதோ ஒரு அனோட்டேஷன், தெரியாத அனோட்டேஷன கண்டுக்காம விடுறதுதான் முறை. போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்டும் இதே வகை, ஜகார்த்தா மட்டும் தேடுற கன்டெய்னர் ஜாவாக்ஸ்ல இருக்கிறத கூப்பிடாது, உங்க ஃபீல்ட் எல்லாம் நல்-னு வெறுமையா நிக்கும், காரணம் புரியாது. கடைசில அந்தத் தலைப்ப "எரர் எதுவும் இல்ல, ஆனா எல்லா பேஜும் 404"ன்னு வெச்சேன். ரிவ்யூல ஒருத்தர் இது டாக்ஸ் மாதிரி இல்லயேன்னார். தேடுறவர் இப்படித்தான் தேடுவார்னு சொல்லி அப்படியே விட்டாச்சு.

கோட மாத்தவே முடியாத நெலமையில இருக்கிறவங்களுக்கு, சோர்ஸ் தொலஞ்சு போச்சு, வார் மட்டும் இருக்குன்னு வர்றவங்க நெறைய பேர், டாம்கேட்ல வெப்ஆப்ஸ் ஹைஃபன் ஜாவாஈஈன்னு ஒரு ஃபோல்டர் வழி இருக்கு, அதுக்குள்ள பழைய வார போட்டா டாம்கேட்டே மாத்தி வெப்ஆப்ஸ்ல போட்டுக்கும். இதையும் ஒரு பத்தி எழுதினேன், ஆனா இத நிரந்தரத் தீர்வா நெனச்சு உக்காந்துடாதீங்கன்னும் சேத்தே எழுதினேன்.

ஸ்பெக் பேர்களும் மாறினதால உரைநடையிலயும் வேலை இருந்துச்சு. ஜாவா சர்வ்லெட்னு எழுதினது ஜகார்த்தா சர்வ்லெட், ஜாவாசர்வர் பேஜஸ்னு இருந்தது ஜகார்த்தா சர்வர் பேஜஸ், ஜேஏஎக்ஸ்-ஆர்எஸ் இப்ப ஜகார்த்தா ரெஸ்ட்ஃபுல் வெப் சர்வீசஸ். முதல் தடவை வரும்போது புதுப் பேர், பக்கத்துல பழைய பேர், அதுக்கப்புறம் மக்கள் வாயில வர்ற பேர், இதான் நாங்க வெச்சுக்கிட்ட விதி. பெர்சிஸ்டன்ஸ ஜேபிஏன்னு சொல்றத யாரும் நிறுத்தப் போறதில்ல, நானும் நிறுத்தப் போறதில்ல.

ஜாவாடாக் லிங்க் எல்லாம் ஆரக்கிள் தளத்துல ஜாவா ஈஈ 7 பக்கத்துக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. அது செத்த லிங்க் இல்லங்கறதுதான் சிக்கல், லிங்க் செக்கர் ஓட்டினா பாஸ் ஆயிடும், ஆனா கிளிக் பண்ணா பழைய பேக்கேஜ் பேரோட பழைய மெத்தட் லிஸ்ட் வரும். இப்ப எல்லாம் ஜகார்த்தா தளத்துல அந்தந்த ஸ்பெக் வெர்ஷன் பக்கத்துக்குப் போகுது. இத பண்ணும்போது இன்னொண்ணும் மாட்டுச்சு: நாங்க தாண்டினது நேரா ஜகார்த்தா ஈஈ 10க்கு, அதாவது சர்வ்லெட் 6.0. அதுல பல காலமா டெப்ரிகேட்டடா கிடந்தத எல்லாம் நெஜமாவே தூக்கிட்டாங்க. செட்ஸ்டேட்டஸ்ல நம்பரோட மெசேஜும் கொடுக்கிற வடிவம் இல்ல, என்கோட்யூஆர்எல்ல கடைசி ரெண்டு எழுத்து சின்னதா எழுதுற பழைய மெத்தட் இல்ல. எங்க டாக்ஸ்ல ஒரு ஓரத்துல அந்த செட்ஸ்டேட்டஸ் இருந்துச்சு. பேக்கேஜ் பேர் மட்டும் மாத்திட்டு விட்டிருந்தா அழகா ஜகார்த்தா இம்போர்ட்டோட கம்பைல் ஆகாத சாம்பிளா நின்னிருக்கும்.

அதனாலதான் சாம்பிள் கோட பக்கத்துக்குள்ள எழுதுறதயே நிறுத்தச் சொல்லி சண்ட போட்டேன். இப்ப ஒவ்வொரு சாம்பிளும் டெஸ்ட் ஃபோல்டர்ல நெஜ ஜாவா ஃபைலா இருக்கு, முழு இம்போர்ட்டோட, அதுக்குள்ள டேக் போட்டு வெச்சிருக்கோம், ஆஸ்கிடாக்ல இன்க்ளூட் போட்டு அந்தத் துண்ட மட்டும் எடுத்துக்கிறோம். பில்ட் ஓடும்போது சாம்பிளும் கம்பைல் ஆகும், ஒடஞ்சா பில்டும் ஒடையும். ஆரம்பத்துல எழுதுறவங்களுக்கு எரிச்சலா இருந்துச்சு, ரெண்டு வரி காட்டணும்னா ஒரு கிளாஸ் எழுதணுமான்னு கேட்டாங்க, ஆமா எழுதணும். காப்பி பண்றவருக்கு இம்போர்ட்டும் சேத்து காட்டுறோம், வழக்கமா இடத்த அடைக்குதுன்னு இம்போர்ட்ட வெட்டிடுவோம்ல, இந்த மாதிரி நேரத்துல பக்கத்துல இருக்கிறதுலயே முக்கியமான வரி அதான்.

பழைய வெர்ஷன் டாக்ஸ என்ன பண்றதுன்னு தனியா ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. புதுசு வந்தாச்சு, பழச எடுத்துடலாம், ஆளுங்க தானா அப்கிரேட் பண்ணுவாங்கன்னு ஒரு கருத்து. நான் ஒத்துக்கவே இல்ல. டாம்கேட் 9லயும் ஜாவா 8லயும் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கிறவங்க ஆசைப்பட்டு அங்க இல்ல, மேல இருக்கிறவங்க விடல, இல்ல அவங்க நம்பியிருக்கிற ஏதோ ஒரு லைப்ரரி இன்னும் மாறல. அவங்க கையில இருந்து டாக்ஸ பிடுங்கினா அப்கிரேட் பண்ண மாட்டாங்க, இன்னும் பழைய ஏதோ பதில தேடி எடுத்து காப்பி பண்ணுவாங்க. பழைய பிராஞ்ச் அப்படியே இருக்கு, யூஆர்எல்ல வெர்ஷன் இருக்கு, மேல ஒரு பட்டை, இது ஜாவாக்ஸுக்கு, டாம்கேட் 9 வரைக்கும், புதுசுன்னா இங்க போங்கன்னு அதே தலைப்போட புதுப் பக்கத்துக்கே லிங்க். முகப்புப் பக்கத்துக்கு லிங்க் போட்டு ஆள தொலைச்சு விடுற பழக்கம் எனக்கு ஆகாது. தேடுபொறிக்கு புதுசுதான் முதன்மைன்னு கெனானிக்கல் டேகும் போட்டிருக்கோம்.

மத்தவங்க எழுதின பிளகின் பத்தி இருந்த பக்கங்கள்தான் இன்னும் இழுத்துக்கிட்டிருக்கு. சிலது ஜகார்த்தா வெர்ஷன் விட்டுட்டாங்க, சிலது அதே வெர்ஷன் நம்பர்ல ஜகார்த்தான்னு கிளாசிஃபையர் போட்டு ரெண்டாவது ஜார் விடுறாங்க, சிலதுல கடைசி கமிட்டே பல வருஷம் முன்னாடி. அந்தக் கடைசி வகைக்கு சாம்பிள் எதையும் மாத்தல, மாத்தினா ஓடும்னு பொய் சொன்ன மாதிரி ஆயிடும். பக்கத்து மேல இது பழைய வெர்ஷனோட மட்டும்தான் ஓடும்னு போட்டு, புது டாக்ஸ் மெனுவுல இருந்து எடுத்துட்டோம்.

இது எல்லாம் முடிஞ்சதும் சிஐல (ஒவ்வொரு மாத்தத்துக்கும் பில்டும் டெஸ்ட்டும் தானா ஓடுற இடம்) ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் சேத்தேன், டாக்ஸ் ஃபோல்டர்ல ஜாவாக்ஸ்னு எங்க வந்தாலும் பாக்கும், நிக்கிற லிஸ்ட்ல இருக்கிற பேர்னா விடும், இல்லன்னா பில்ட நிறுத்தும். அப்கிரேட் பக்கத்துக்கு மட்டும் விலக்கு, பழைய எரர் எல்லாம் பழைய பேரோடயே அங்க இருக்கணும்ல. சேத்த முதல் வாரத்துலயே நல்ல மனசோட ஒருத்தர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார், அப்கிரேட் பக்கத்துல இன்னும் ஜாவாக்ஸ்னு நெறைய மிச்சம் இருக்கு, எல்லாத்தையும் ஜகார்த்தான்னு மாத்திட்டேன்னு. நன்றி சொல்லி, ஏன் வேணாம்னு விளக்கி, குளோஸ் பண்ணிட்டு, அந்த ஃபைலோட முதல் வரியில "இங்க இருக்கிற ஜாவாக்ஸ மாத்தாதீங்க"ன்னு ஒரு கமென்ட் போட்டு வெச்சிருக்கேன்.